தண்ணீர் பாட்டிலில் ஆஸ்துமா ஸ்பேசர்: வசதி குறைந்த கிளினிக்குகளுக்கு ஒரு வழிகாட்டி

பர்மாவில் கோயில் மண்டபத்திலோ சங்கக் கட்டடத்திலோ வாரம் ஒருநாள் நடக்கும் இலவச மருத்துவ முகாமில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நர்ஸ், சுகாதார உதவியாளர், மருந்து எடுத்துக்கொடுக்கும் தொண்டர் என்று யாராக இருந்தாலும் சரி, பெகு பக்கமோ தட்டோன் பக்கமோ எந்த ஊராக இருந்தாலும் சரி, நிலைமை ஒன்றுதான். இழுப்போடு ஒருவர் வருவார். கரண்ட் இருக்காது. மருந்தைப் புகையாக்கித் தரும் நெபுலைசர் எந்திரம் மேசையில் சும்மா கிடக்கும். அலமாரியில் மூச்சுக்குழலைத் திறக்கும் சால்பூட்டமால் பம்ப் இருக்கும், ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவரால் பம்பை அமுக்குவதையும் மூச்சை உள்ளே இழுப்பதையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. மருந்தில் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் "பம்ப் கேட்கவில்லை" என்று சொல்லி ஊசி தேடுவார்கள்.

பம்புக்கும் வாய்க்கும் நடுவே ஒரு காலி அறை இருந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். மருந்து அந்த அறையில் மிதந்து நிற்கும், நோயாளி சாதாரணமாக மூச்சு விட்டாலே போதும். அந்த அறைக்குப் பெயர் ஸ்பேசர். கடையில் வாங்கும் ஸ்பேசர் ரங்கூனைத் தாண்டினால் எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் ஒரு ஆளுக்கு ஒன்று கொடுக்கக் கட்டுப்படியாகாது. 500 மி.லி. பிளாஸ்டிக் பாட்டில் அந்த வேலையைச் செய்யும். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் குழந்தை மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 1999இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். கடை ஸ்பேசர், பம்ப் நுழையும் ஓட்டையைச் சுற்றி அடைத்த பாட்டில், அடைக்காத பாட்டில், தெர்மோகோல் கப் என்று நான்கையும் ஆஸ்துமா முற்றி வந்த குழந்தைகளிடம் ஒப்பிட்டார்கள். அடைத்த பாட்டில் கடை ஸ்பேசருக்குச் சமமாக நின்றது. அடைக்காத பாட்டில் அதற்கு அடுத்தபடி. கப்தான் கடைசி. உலக சுகாதார நிறுவனத்தின் குழந்தை மருத்துவக் கையேடும் பாட்டில் ஸ்பேசரை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே "ஏழைகளுக்குக் குப்பையில் செய்த சாமானா?" என்று யாராவது கேட்டால் நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஒப்பீட்டிலேயே விஷயம் இருக்கிறது. பாட்டில் எல்லோருக்கும் கிடைக்கும். அடைப்பு சரியாக இருக்கிறதா என்பதில்தான் பலன் நிற்கிறது. எங்களுக்கு இதை ஒரே இடத்தில் சொல்லித்தர ஆளில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டுப் பொறுக்கினோம். உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

1. பாட்டிலைத் தொடும் முன் டாக்டரின் கையெழுத்து

கிளினிக் உரிமம் எந்த டாக்டர் பெயரில் இருக்கிறதோ அவரிடம் ஒரு பக்க நிலையான உத்தரவு எழுதி வாங்குங்கள். பர்மிய மொழியில் இருப்பது நல்லது, சுகாதாரத் துறையிலிருந்து யாராவது வந்து கேட்டால் எடுத்துக் காட்டலாம். அதில் இருக்க வேண்டியவை: யாருக்குக் கொடுக்கலாம், எந்த வயதுக்கு எத்தனை பஃப் (பம்பை ஒருமுறை அமுக்கினால் ஒரு பஃப்), எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, எந்த அறிகுறி கண்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், டாக்டர் இல்லாத நேரத்தில் யார் கொடுக்கலாம். தேதி, கையெழுத்து, முத்திரை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

வாய்மொழியாகச் "செய்யுங்கம்மா, நான் இருக்கேன்" என்று சொல்வதை நம்பி ஆரம்பிக்காதீர்கள். டாக்டர் நல்லவராகத்தான் இருப்பார். இரவு எட்டு மணிக்கு அவருடைய போன் கிடைக்காதபோது உங்கள் கையில் இருக்கப்போவது அந்தக் காகிதம்தான்.

நீண்ட நாள் இருமலோடு வருகிறவருக்கு ஆஸ்துமா என்று முத்திரை குத்தும் முன் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவது என்ற வரியையும் உத்தரவில் சேர்க்கச் சொல்லுங்கள். இந்த நாட்டில் காசநோய் அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், உடம்பு இளைப்பு என்றால் டவுன்ஷிப் காசநோய் மையத்துக்கு எழுதிக்கொடுங்கள். பல வருடம் சுருட்டுப் பிடித்த தாத்தாவின் மூச்சிரைப்பும், விறகடுப்புப் புகையில் வாழ்ந்த பாட்டியின் மூச்சிரைப்பும் வேறு நோயாக இருக்கலாம். விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று இழுப்பு வந்தால் கடலைப்பருப்போ புளியங்கொட்டையோ உள்ளே போயிருக்கலாம். இவற்றைப் பாட்டில் தீர்க்காது.

2. பம்ப் வாங்குவது

செலவெல்லாம் இங்கேதான். பாட்டிலுக்குக் காசில்லை, பம்புக்கு உண்டு.

கடையில் சால்பூட்டமால், ஒரு பஃபுக்கு 100 மைக்ரோகிராம், 200 பஃப் என்று கேளுங்கள். இந்தியாவிலிருந்து வருவது பெரும்பாலும் கிடைக்கும். டாலர் ஏறினால் விலையும் ஏறும். போன மாத விலையை நம்பிப் பணம் வசூலிக்காதீர்கள். வாங்கப் போகும் காலையில் இரண்டு மூன்று கடைகளுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ரங்கூன் மொத்தக் கடையில் வாங்குவதாக இருந்தால் பஸ் செலவையும் கணக்கில் சேருங்கள். ஒன்றிரண்டு பம்புக்காக ரங்கூன் போவதில் லாபம் ஏதும் இல்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

காலாவதித் தேதி இன்னும் ஒரு வருடமாவது இருக்கட்டும். மலிவாகத் தருகிறார்கள் என்றால் முதலில் தேதியைப் பாருங்கள். பெட்டியில் இருக்கும் பதிவு எண்ணையும் பாருங்கள். எண் இல்லாத பெட்டியை வாங்காதீர்கள்.

கேப்சூலை உடைத்து உறிஞ்சுகிற பொடி இன்ஹேலர் பாட்டிலோடு சேராது. இதில் பலர் ஏமாந்துபோகிறார்கள், விலை குறைவு என்பதால் கடைக்காரரே அதை எடுத்து நீட்டுவார். நமக்குத் தேவை அமுக்கினால் புஸ்ஸென்று வரும் டப்பா பம்ப்.

முடிந்தவரை ஒரே பிராண்டாக வாங்குங்கள். பிராண்டுக்குப் பிராண்டு பம்பின் வாய் வடிவம் மாறும். ஒன்று நீள்வட்டமாக இருக்கும், ஒன்று கிட்டத்தட்ட உருண்டையாக இருக்கும். ஒன்றுக்குப் போட்ட ஓட்டையில் மற்றது ஆடும். ஆடினால் மருந்து கசியும்.

எவ்வளவு வாங்குவது? மோசமான இழுப்போடு வரும் பெரியவருக்கு முதல் ஒரு மணி நேரத்தில் 30 பஃப் வரை போகும். அதாவது ஒரு பம்ப் ஆறு பேருக்குச் சற்று மேல். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு 18 பஃப் வரை, ஒரு பம்ப் பதினோரு குழந்தைக்கு. உங்கள் பதிவேட்டில் போன வருடம் இழுப்புக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தாலே தேவை தெரிந்துவிடும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பம்ப் தனிக் கணக்கு.

எண்ணிக்கை காட்டும் முள் இல்லாத பம்பாக இருந்தால் டப்பாவில் ஒரு பிளாஸ்டர் துண்டு ஒட்டி, ஒவ்வொரு பத்து பஃபுக்கும் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். இருபது கோடு ஆனதும் பம்ப் முடிந்தது. குலுக்கிப் பார்ப்பது, தண்ணீரில் மிதக்கிறதா என்று பார்ப்பது இரண்டும் ஏமாற்றும். மருந்து தீர்ந்த பிறகும் உள்ளே வாயு மிச்சம் இருக்கும், புஸ்ஸென்று சத்தமும் வரும். வெறும் வாயுவைக் கொடுத்துவிட்டு நோயாளி தேறவில்லையே என்று தவிக்கும் நிலை வரக்கூடாது.

பம்ப் 30 டிகிரிக்குக் கீழ் இருக்க வேண்டும். ஏப்ரல் வெயிலில் தகரக்கூரை மண்டபத்து அலமாரி அடுப்பாகிவிடும். யாராவது ஒரு தொண்டர் வீட்டில், நிழலான தரையோரத்தில் மூடிவைத்து முகாம் அன்று கொண்டுவரச் சொல்லுங்கள். உறையவும் விடக்கூடாது, ஐஸ் பெட்டிக்குள் ஐஸோடு ஒட்டி வைக்காதீர்கள்.

3. சரியான பாட்டில்

500 மி.லி., நிறமில்லாதது, உள்ளே மருந்துப் புகை தெரிய வேண்டும். கேஸ் அடைத்த குளிர்பானப் பாட்டிலின் அடியில் ஐந்து கால் இருக்கும், அதில் ஓட்டை ஒழுங்காக விழாது. மிக மலிவான தண்ணீர் பாட்டில் கையில் பிடித்தாலே நசுங்கும். நடுத்தரமானது வேண்டும், அடி ஓரளவு தட்டையாக, பக்கம் கொஞ்சம் கெட்டியாக. வாய் சிறியதாக இருக்கட்டும். ஜூஸ் பாட்டிலின் அகன்ற வாயைக் குழந்தையால் உதட்டால் மூட முடியாது.

எண்ணெய், மீன்சாறு, மண்ணெண்ணெய், பூச்சிமருந்து இருந்த பாட்டில் எதுவும் கூடாது. குப்பையில் பொறுக்கியதும் கூடாது. கல்யாண வீட்டில், கோயில் விசேஷத்தில் தண்ணீர் பாட்டில் நிறைய காலியாகும். அங்கே சொல்லிவைத்தால் குடித்த கையோடு மூடி போட்டு எடுத்துவைப்பார்கள்.

4. ஓட்டை போடுதல்

தேவையானவை: கரி அடுப்பு, குறடு, பெரிய ஆணி மாதிரி கனமான இரும்புக் கம்பி. துணி மாட்டும் ஹேங்கர் கம்பி போதும். அதன் மேல் பெயின்ட் இருந்தால் முதலில் வெளியில் வைத்துச் சுட்டு எரித்துவிடுங்கள். நாகம் பூசிய வெள்ளைக் கம்பி வேண்டாம், அதைச் சுட்டால் வரும் புகை கெடுதி.

கம்பியின் நுனியைப் பம்பின் வாயைச் சுற்றி வளைத்து அதே வடிவில் ஒரு வளையம் செய்யுங்கள். பிறகு குறட்டால் வளையத்தை மயிரிழை அளவு சிறிதாக்குங்கள். இந்தக் கடைசி வேலைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பம்பின் வாய் அளவுக்கே ஓட்டை போட்டால், உருகும்போது அது இன்னும் விரிந்து பம்ப் தொளதொளவென்று ஆகிவிடும். சற்றுச் சிறிதாகப் போட்டு, பிளாஸ்டிக் சூடாக இருக்கும்போதே பம்பை அழுத்தி நுழைத்தால் ஓரம் பம்பின் வடிவத்துக்கே இறுகிப் பிடிக்கும்.

வளையத்துக்குப் பிடியாக ஒரு சாண் கம்பியை விட்டு, பிடிக்குத் துணி சுற்றுங்கள். வளையம் சிவக்கும்வரை சுட்டு, பாட்டிலின் அடி நடுவில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். பத்து விநாடிக்குள் வட்டம் விழும். ஒரு பக்கம் விழாமல் நின்றால் கம்பியைத் திருப்பிப் பிடித்து மறுபடி வையுங்கள், இழுத்துக் கிழிக்காதீர்கள். வெட்டிய துண்டைக் குறட்டால் எடுத்ததும் பம்பை நுழைத்து ஆறும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். பாட்டிலைக் கிடைமட்டமாகப் பிடிக்கும்போது பம்பின் டப்பா மேல்நோக்கி நிற்கும் திசையில் நுழைக்க வேண்டும்.

திறந்த இடத்தில், காற்று போகும் பக்கம் பார்த்து உட்கார்ந்து செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர் யாரும் அருகில் இருக்கக்கூடாது, அந்தப் புகையே அவருக்கு இழுப்பைக் கொண்டுவரும். முகாம் நடக்கும் நாளில், நோயாளிகள் வரிசையில் இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள்.

ஆறிய பிறகு பாட்டிலுக்குள் விரலை விட்டு ஓரத்தைத் தடவிப் பாருங்கள். நூல்போலத் தொங்கும் பிளாஸ்டிக், உருகிய மணி, கருகிய பொடி எது இருந்தாலும் பிளேடால் சுரண்டி எடுத்து, தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள். ஒரு தடவை போதாது. ஒரு துணுக்கு உள்ளே தங்கினாலும் அது நேராக நோயாளியின் மூச்சுக்குழலுக்குப் போகும்.

முதல் பாட்டிலுக்கு அரை மணி நேரம் ஆகும். கை பழகினால் பத்து நிமிடம்.

5. அடைப்பும் கழுவலும்

பம்பை நுழைத்து, சேருமிடத்தைச் சுற்றி மருத்துவ பிளாஸ்டரை இரண்டு சுற்று இறுக்கி ஒட்டுங்கள். பாட்டிலை ஒரே நோயாளியின் வீட்டுக்கென்று கொடுப்பதாக இருந்தால் சிலிக்கான் பசையால் நிரந்தரமாகவே ஒட்டிவிடலாம், ஒருநாள் முழுக்க வாசனை போகக் காயவிட வேண்டும். வெள்ளைக் காகிதப் பசை தண்ணீர் பட்டால் விட்டுவிடும்.

சோதிக்கும் முறை எளிது. பாட்டிலின் மூடியைப் போடுங்கள். பம்பின் மேல்பக்கத்தை, டப்பா நிற்கும் இடத்தை, உள்ளங்கையால் மூடுங்கள். பாட்டிலை லேசாக நசுக்கி, சேருமிடத்தைக் கன்னத்தருகே கொண்டுபோங்கள். காற்று படுகிறதா? பட்டால் மறுபடி ஒட்டுங்கள். உள்ளங்கையால் மூடச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பம்பின் டப்பாவைச் சுற்றி இயல்பாகவே இடைவெளி இருக்கிறது, நோயாளி இழுக்கும் காற்று அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது. சோதனைக்கு மட்டும் மூட வேண்டும். கசிகிறது என்று நினைத்து அந்த இடைவெளியிலும் பிளாஸ்டர் ஒட்டிவிடாதீர்கள், நோயாளிக்கு மூச்சு முட்டும்.

அப்புறம் கழுவல். பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் இருக்கும், மருந்துத் துளிகள் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பம்பைக் கழற்றிவிட்டு (நிரந்தரமாக ஒட்டியிருந்தால் டப்பாவை மட்டும் எடுத்துவிட்டு), வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில சொட்டு விட்டுப் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவையுங்கள். நல்ல தண்ணீரில் அலசக்கூடாது, துணியால் துடைக்கவும் கூடாது. சோப்பின் மெல்லிய படலம்தான் நிலைமின்சாரத்தை அடக்குகிறது. வாய் வைக்கும் இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். இரவு முழுக்கத் தானாகக் காயட்டும். சுத்தத்துக்குப் பேர்போன அம்மாக்கள் எல்லோரும் அலசித் துடைத்துத்தான் வைப்பார்கள், அதனால் வீட்டுக்குக் கொடுக்கும்போது இதைக் காரணத்தோடு சொல்லுங்கள்.

கொதிநீர் ஊற்றினால் பாட்டில் சுருங்கிக் கோணிப்போகும். கிருமி போகக் கொதிக்கவைக்க முடியாது என்பதால் ஒரு ஆளுக்கு ஒரு பாட்டில், அவ்வளவுதான். அடுத்தவருக்குக் கொடுக்கவே கூடாது. பாட்டிலின் மேல் அழியாத பேனாவால் பெயரும் தேதியும் எழுதுங்கள்.

6. மருந்து கொடுக்கும்போது

நோயாளி நிமிர்ந்து உட்காரட்டும். படுக்கவைக்காதீர்கள். குழந்தை என்றால் அம்மா மடியில், முதுகு அம்மாவின் நெஞ்சில் சாய்ந்திருக்கட்டும். "அக்கா, பிள்ளையை இப்படி உட்காரவைச்சு நெத்தியை லேசாப் பிடிச்சுக்குங்க, அழுதாப் பரவாயில்லை, அழுகை நின்னதும் கொடுப்போம்" என்று சொல்லிவிட்டு நீங்களும் பதறாமல் செய்யுங்கள். வீறிட்டு அழும் குழந்தைக்குள் மருந்து சரியாகப் போகாது.

புது பம்ப், அல்லது சில நாள் தொடாத பம்ப் என்றால் முதலில் இரண்டு மூன்று பஃப் காற்றில் அடித்துவிடுங்கள். பிறகு:

பம்பை நன்றாகக் குலுக்குங்கள். பாட்டிலின் வாயை நோயாளி பல்லுக்கு நடுவே வைத்து உதட்டால் மூடட்டும். ஒரே ஒரு பஃப். உடனே ஐந்து ஆறு முறை சாதாரண மூச்சு, வாயை எடுக்காமல், பாட்டிலுக்குள்ளேயே விட்டு வாங்கட்டும். பெரியவர்களால் முடிந்தால் மெதுவாக ஆழமாக இழுத்துச் சில விநாடி நிறுத்தலாம், முடியாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். பாட்டிலை எடுத்து, மறுபடி குலுக்கி, அடுத்த பஃப். நேரம் மிச்சம் என்று நான்கு பஃபைச் சேர்த்து அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிதாகிப் பாட்டில் சுவரிலேயே தங்கிவிடும்.

பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு: ஐந்து வயது வரை 2 முதல் 6 பஃப், அதற்கு மேல் 4 முதல் 10 பஃப், முதல் ஒரு மணி நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை. உங்கள் டாக்டர் உத்தரவில் எழுதியிருப்பதுதான் உங்களுக்கு அளவு. கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு வரும், சற்று நேரத்தில் அடங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இழுப்பு பலமாக இருந்தால், உள்ளே இருக்கும் வீக்கத்தை ஆற்றும் ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசலோனைத் தள்ளிப்போடக்கூடாது. அது வேலை செய்யக் குறைந்தது நான்கு மணி நேரம் ஆகும், அதனால் வந்தவுடன் கொடுப்பதுதான் முறை. பெரியவர்களுக்கு வழக்கமாக 40 முதல் 50 மில்லிகிராம், 5 முதல் 7 நாள். குழந்தைக்கு எடையைப் பார்த்து டாக்டர் எழுதுவார். 5 மில்லிகிராம் மாத்திரைதான் கையில் இருக்கிறது என்றால் ஒரு வேளைக்கு எட்டு மாத்திரை ஆகும். நோயாளி மிரண்டுபோய் வீட்டில் இரண்டை மட்டும் விழுங்குவார். எட்டையும் உங்கள் கண்முன்னே எண்ணிக் கொடுத்து விளக்குங்கள்.

ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னும் பின்னும் நான்கு விஷயம் எழுதுங்கள்: நேரம், ஒரு முழு நிமிடம் எண்ணிய மூச்சு, விரல் கருவியின் ஆக்சிஜன் அளவு, எத்தனை வார்த்தை தொடர்ந்து பேசுகிறார். விரல் கருவி வைக்கும்முன் மருதாணி, நகச்சாயம் இல்லாத விரலைத் தேர்ந்தெடுங்கள், குளிர்ந்த விரலைத் தேய்த்துச் சூடாக்குங்கள். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டும் என்பது ஆராய்ச்சியில் தெரிந்த விஷயம். நம்மவர்கள் பலருக்கும் அது பொருந்தும். 94 என்று காட்டினாலும் மார்புக்கூடு குழிவிழுந்து மூச்சு வாங்கினால் கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

7. சின்னக் குழந்தைகளுக்கு

நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தை பாட்டில் வாயை உதட்டால் இறுக்கி மூடாது. முகமூடி வேண்டும். கிளினிக்கின் பணத்தில் ஒரே ஒரு பொருள் கடையில் வாங்க முடியும் என்றால், குழந்தை முகமூடியோடு வரும் வால்வு ஸ்பேசரை வாங்குங்கள். மற்ற எல்லோருக்கும் பாட்டில் போதும். அந்த ஸ்பேசரைக் கழுவிப் பயன்படுத்தும் முறை பெட்டியிலேயே இருக்கும்.

அதுவும் இல்லாத இடத்தில் சின்ன முகமூடி ஒன்றைப் பாட்டில் வாயில் பொருத்தி, சேருமிடத்தைப் பிளாஸ்டரால் அடைத்துக் கொடுக்கலாம். மூக்கையும் வாயையும் சேர்த்து மூட வேண்டும். பாட்டிலில் வால்வு கிடையாது, குழந்தை விட்ட மூச்சே திரும்ப வரும். ஆகவே ஐந்தாறு மூச்சுக்கு மேல் முகத்தில் பிடித்துவைக்காதீர்கள், ஒவ்வொரு பஃபுக்கும் நடுவே எடுத்துவிடுங்கள்.

8. இவற்றைக் கையால் செய்ய முயலாதீர்கள்

சைக்கிள் பம்பிலோ மீன்தொட்டி மோட்டாரிலோ நெபுலைசரை ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். மீன்தொட்டி மோட்டாரின் அழுத்தம் மருந்தைப் புகையாக்கப் போதாது. வெல்டிங் கடை ஆக்சிஜன் சிலிண்டரை ஒருபோதும் நோயாளிக்குக் கொண்டுவராதீர்கள். சால்பூட்டமால் மாத்திரையும் சிரப்பும் மலிவுதான், ஆனால் வேலை செய்ய நேரமாகும், படபடப்பு அதிகம். பம்ப் கையில் இருக்கும்போது அவற்றைத் தேட வேண்டாம்.

9. எப்போது அனுப்ப வேண்டும், கையில் என்ன இருக்க வேண்டும்

இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை, பால் குடிக்கவில்லை, உதடு நீலம், தூங்கி விழுகிறார், ஆக்சிஜன் 90க்குக் கீழ், அல்லது இரைச்சல் திடீரென்று நின்று மார்பு அமைதியாகிவிட்டது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மருந்தை ஆரம்பித்துக்கொண்டே வண்டிக்குச் சொல்லுங்கள். இரைச்சல் நின்றதைத் தேறிவிட்டதாக எண்ணிவிடக்கூடாது. காற்றே போகவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். ஒரு மணி நேரம் மூன்று சுற்றுக் கொடுத்தும் தேறாதவரையும் அனுப்ப வேண்டும். வண்டியிலும் பாட்டில் கூடவே போகட்டும், வழியெல்லாம் கொடுக்கலாம். ஆக்சிஜன் இருந்தால் கொடுங்கள்.

இரவில் வண்டி கிடைப்பதும் சோதனைச் சாவடி தாண்டுவதும் சிரமம். அதனால் இந்தக் காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள்: பர்மிய மொழியில் அச்சடித்த அனுப்புகைக் கடிதம், பெயர், வயது, கொடுத்த மருந்து, நேரம் நிரப்ப இடம் விட்டு, ஊர்த் தொண்டு ஆம்புலன்ஸ் எண்கள், கிளினிக் முத்திரை. நோயாளி குடும்பத்திடம் அடையாள அட்டையும் குடும்பப் பட்டியல் நகலும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆஸ்துமா உள்ள குடும்பம் என்று தெரிந்தால் இந்த நகல்களை இழுப்பு வராத நாளிலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இழுப்பு வந்த இரவில் பெட்டியைக் குடைந்துகொண்டிருக்க நேரம் கிடையாது.

10. வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது

தேறியவுடன் விட்டுவிட்டால் அடுத்த வாரம் மறுபடி வருவார். சால்பூட்டமால் அந்த நேரத்து மூச்சைத் திறக்கும், உள்ளே இருக்கும் வீக்கத்தை ஆற்றாது. ஆற்றுவதற்கு ஸ்டீராய்டு பம்ப் உண்டு, அதையும் இதே பாட்டிலில் கொடுக்கலாம். பெரியவர்களும் வளரிளம் வயதினரும் சால்பூட்டமாலை மட்டும் தனியாக நம்பி இருக்கக்கூடாது என்பதுதான் 2019 முதல் உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டுதல். கிளினிக்கில் தொடர்ந்து தரப் பணம் போதவில்லை என்றால், மாதத்தில் இருமுறைக்கு மேல் இழுப்பு வருகிறவர்கள், ஆஸ்பத்திரியில் படுத்து வந்தவர்கள் என்று ஆரம்பியுங்கள். ஸ்டீராய்டு பம்புக்குப் பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும்.

"பம்ப் பழகிப்போனா ஆயுசுக்கும் விட முடியாதாமே?" என்று ஒவ்வொரு ஆச்சியும் கேட்பார்கள். அவசரப்படாமல் பதில் சொல்லுங்கள்: "இல்லீங்க ஆச்சி, மாத்திரை வயித்துக்குள்ள போயி உடம்பெல்லாம் சுத்தும், இது பெரும்பாலும் நேரா நெஞ்சுக்குப் போகும், அளவும் ரொம்பக் கொஞ்சம்." பேத்திக்குப் பம்ப் வேண்டாம் என்று தீர்மானிப்பவர் பெரும்பாலும் அவர்தான், அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு அனுப்பினால் பாட்டில் பரணுக்குப் போய்விடும்.

கூடவே ஒரு அட்டை கொடுங்கள், ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் பர்மிய எழுத்து. தமிழ் பேசத் தெரிந்த பிள்ளைகள் பலருக்குத் தமிழ் படிக்க வராது. படமும் வரைந்துவிடுங்கள். அதில் எத்தனை பஃப், எந்த அறிகுறிக்கு ஓடிவர வேண்டும், அடுத்த வருகைத் தேதி மட்டும் போதும். கொடுத்தனுப்பும் முன் உங்கள் முன்னால் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். தலையாட்டிவிட்டுப் போனவர்களில் பலர் குலுக்க மறந்துவிடுவார்கள்.

பாட்டில் வெடித்தாலோ மங்கினாலோ ஓட்டை விரிந்தாலோ மாற்றிக்கொள்ள வரச் சொல்லுங்கள். மாற்றும்போது பம்பைக் கையோடு கொண்டுவர வேண்டும், புது ஓட்டையை அந்தப் பம்புக்கே அளந்து போடுவதற்காக.

11. எந்த மாதத்தில் என்ன வேலை

மழை பிடிக்கும் முன், மே மாதத்திலேயே பம்ப் வாங்கிச் சேர்த்துவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பல ஊர்களுக்கு வழி நம்பகமில்லை. அக்டோபரில் பாட்டில்களைச் செய்து கழுவிக் காயவைத்து மூடி போட்டு அடுக்குங்கள். நவம்பரில் குளிர் தொடங்கியதும் ஆள் வரத்து கூடும். பிப்ரவரியிலிருந்து வயலில் நெல்தாள் எரிக்கும் புகை, ஏப்ரலில் திஞ்சான் என்ற பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவில் ஊறிய பிள்ளைகளின் சளி என்று வேலை தொடரும். முகாமுக்குப் போகும் பெட்டியில் எப்போதும் தயாரான பாட்டில் குறைந்தது ஐந்து, திறக்காத பம்ப் ஒன்று, பிளாஸ்டர் ஒரு சுருள், நிலையான உத்தரவின் நகல் ஒன்று இருக்கட்டும். முகாம் முடிந்ததும் யார் பெட்டியை நிரப்புவது என்று ஒரு ஆளின் பெயரை மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள்.